இரைப்பைக் கிருமியின் மேல் இதயத்தின் பழி

வயிற்றில் இருக்கும் கிருமிக்கும் நெஞ்சில் வரும் அடைப்புக்கும் முடிச்சுப் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. உடல்நலப் பத்திகள், யூடியூப் மருத்துவர்களின் பேச்சு, முழு உடல் பரிசோதனைக்கு ஆள் பிடிக்கும் விளம்பரங்கள், எங்கும் ஒரே பல்லவி: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் பல்லாண்டு தங்கி, உடல் முழுக்க அழற்சியைக் கிளப்பி, தமனிச் சுவரைக் கெடுத்து, கடைசியில் மாரடைப்பில் கொண்டுபோய் விடுகிறது, ஆகவே ரத்தத்தில் அதைத் தேடுங்கள், இருந்தால் மருந்து தின்று ஒழித்துக்கட்டுங்கள், இதயம் பிழைக்கும். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. சிகரெட்டை விடச் சொல்லவில்லை, பரோட்டாவைக் குறைக்கச் சொல்லவில்லை, பதினான்கு நாள் மாத்திரையோடு வேலை முடிந்தது. இத்தனை வசதியான கருத்து உண்மையாகவும் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முப்பது ஆண்டு ஆராய்ச்சி அதற்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது.

மறுத்துப் பேசினால் உடனே பாரி மார்ஷலைத் துணைக்கு அழைப்பார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் மார்ஷலும் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஆய்வகத் தட்டுகள் வழக்கத்தைவிடச் சில நாள் கூடுதலாகக் கிடந்ததால்தான் அது முதன்முதலாக வளர்ந்தே காட்டியது. குடல்புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமும் அமிலமும் என்று நம்பியிருந்த மருத்துவ உலகம் முகம் சுளித்தது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் அவர் இரைப்பை அழன்று கிடந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. 'அன்றைக்கு அவரைப் பார்த்துச் சிரித்தீர்கள், இன்றைக்கு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்' என்பது வாதம்.

சிரிப்புக்கு ஆளானவர் எல்லாரும் மேதை என்று ஆகிவிடாது, அது இருக்கட்டும். கதையையே பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கிருமியைக் குடித்த மார்ஷலுக்கு வந்தது இரைப்பை அழற்சிதான், புண் வரவில்லை. அவர் கட்சி ஜெயித்தது 1988இல் வெளியான ஒரு சோதனையால். முன்சிறுகுடலில் புண் இருந்த 100 பேருக்கு, யாருக்கு எந்த மருந்து போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாமல் மருத்துவருக்கும் தெரியாமல் கொடுத்து, ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். கிருமி ஒழியாதவர்களில் 84 விழுக்காட்டினருக்குப் புண் திரும்பியது. ஒழிந்தவர்களில் 21 விழுக்காட்டினருக்கே திரும்பியது. கிருமியை எடுத்தால் நோய் போகிறதா என்பதுதான் கேள்வி. மார்ஷல் அதற்குப் பதில் வைத்திருந்தார். அவர் பெயரைச் சொல்லிக்கொள்கிறவர்கள் தமனி விஷயத்திலும் அதே பதிலைக் கொண்டுவர வேண்டும்.

முதலில் இந்தத் தொடர்பு எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்போம். 1994இல் லண்டனில் மென்டாலும் உடன் பணிபுரிந்தவர்களும் இதய நோயாளிகள் 111 பேரையும் நோய் இல்லாத 74 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் 59 விழுக்காட்டினர் ரத்தத்தில் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருந்தது. இரண்டாம் கூட்டத்தில் 39 விழுக்காட்டினரிடம். வித்தியாசம் பெரியதுதான். ஆய்வு செய்தவர்களே இது மேலும் பெரிய அளவில் சோதிக்கப்பட வேண்டும் என்று அடக்கமாகத்தான் எழுதினார்கள். அந்த அடக்கம் தலைப்புச் செய்திகளில் தங்கவில்லை.

இதே மென்டால் இரண்டு ஆண்டு முன்னால், 1992இல், இன்னொரு கட்டுரை வெளியிட்டிருந்தார். என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தின் சாவியே அதில்தான் இருக்கிறது. வயது வந்தவர்களிடம் அவர்கள் சிறு வயதில் வாழ்ந்த வீட்டைப் பற்றிக் கேட்டார்கள்: எத்தனை பேர் நெருக்கியடித்து இருந்தீர்கள், குழாயில் வெந்நீர் வருமா? நெருக்கடியான வீட்டில், வெந்நீர் வசதி இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களிடம்தான் இந்தக் கிருமி மிகுதியாக இருந்தது. இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. பைலோரி பெரும்பாலும் பத்து வயதுக்குள், குடும்பத்துக்குள்ளேயே, வாயிலிருந்தும் வாந்தியிலிருந்தும் மலத்திலிருந்தும் ஒட்டுகிறது. ஒட்டினால் மருந்து போடாதவரை பெரும்பாலும் போவதில்லை. ஐம்பது வயது மனிதரின் இரைப்பையில் இருக்கும் கிருமி, அவர் ஐந்து வயதில் எப்படிப்பட்ட வீட்டில் படுத்துறங்கினார் என்பதன் பதிவு.

இப்போது மறுபக்கம். நார்வேயில் அண்டர்ஸ் ஃபோர்ஸ்டால் 1977இலேயே காட்டியது இது: எந்தப் பகுதிகளில் ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவம் வறுமையில் கழிந்ததோ, அங்கே அந்தத் தலைமுறை பிற்காலத்தில் இதய நோயால் கூடுதலாகச் செத்தது. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் 1986இல் அதையே வேறு வகையில் கண்டார். ஆக, சிறு வயது வறுமை கிருமியையும் தருகிறது, பின்னாளில் இதய நோயையும் தருகிறது. ஒரே தாய்க்குப் பிறந்த இருவரைப் பார்த்து, இவன்தான் அவனைப் பெற்றான் என்று சாதிக்கிற வேலை நடந்திருக்கிறது.

'வறுமையைக் கணக்கில் எடுத்துக் கழித்துவிட்டோம்' என்பார்கள். எதைக் கழித்தார்கள்? பெரும்பாலும் நோயாளியின் இன்றைய வேலை, இன்றைய வர்க்கம். கூரை வீட்டில் பிறந்து வங்கி மேலாளராக ஓய்வு பெற்றவரை இந்தக் கணக்கு வங்கி மேலாளர் என்று மட்டும் பதிந்துகொள்ளும். கழிக்கப்படாத வறுமை அப்படியே கிருமியின் கணக்கில் ஏறிவிடும்.

ஜப்பானியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முன் பிறந்த ஜப்பானியத் தலைமுறையில் பெரும்பாலோருக்கு இந்தக் கிருமி இருந்தது. இரைப்பைப் புற்றுநோய் அந்த நாட்டை உலுக்கியதும் அதனால்தான். மாரடைப்போ வளர்ந்த நாடுகளிலேயே மிகக் குறைவு. நி-ஹான்-சான் என்று பெயர் பெற்ற ஆய்வு ஹிரோஷிமா, நாகசாகியிலிருந்த ஜப்பானியரையும் ஹொனலூலுவுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் குடிபெயர்ந்த ஜப்பானிய வம்சத்தவரையும் ஒப்பிட்டது. அமெரிக்கப் பெருநிலத்தை நெருங்க நெருங்க இதய நோய் ஏறியது. ஹவாய் ஜப்பானியரிடம் கிருமி குறைவாக இருந்ததா என்றால் இல்லை: 1991இல் நொமுரா வெளியிட்ட புற்றுநோய் ஆய்வில், புற்று இல்லாத ஒப்பீட்டாளர்களிலேயே 76 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. கிருமி கூடவே போனது. மாறியது தட்டில் இருந்த உணவும் உடல் எடையும் வாழ்க்கையும். நம் ஊருக்கும் இது பொருந்தும். நாட்டுப்புறத்தில் பெரும்பாலோர் வயிற்றில் பைலோரி இருந்த காலத்தில் மாரடைப்பு நகரத்துப் பணக்காரர் நோயாக இருந்தது. கிருமிதான் குற்றவாளி என்றால் கிராமத்தை ஏன் விட்டுவைத்தது?

மக்கள்தொகை ஒப்பீடு மட்டும் போதாது என்பது நியாயமான ஆட்சேபம். தனி ஆட்களைப் பின்தொடர்ந்த ஆய்வுக்கு வருவோம். நிக்கலஸ் வால்ட் குழுவினர் 1997இல் வெளியிட்டது அப்படிப்பட்டது. உடல்நலப் பரிசோதனைக்கு வந்த ஆயிரக்கணக்கான ஆண்களிடம் முன்பே ரத்தம் எடுத்து உறையவைத்திருந்தார்கள். பிறகு இதய நோயால் இறந்த 648 பேருடைய ரத்தத்தையும் அதே வயதுள்ள, இறக்காத 1,296 பேருடைய ரத்தத்தையும் வெளியே எடுத்துச் சோதித்தார்கள். நோய் வந்தபின் தேடியதில்லை இது; நோய் வருமுன் எடுத்த ரத்தம். இரு கூட்டத்திலும் கிருமி விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். மறு ஆண்டு ஜான் டேனெஷும் ரிச்சர்ட் பீட்டோவும் 18 ஆய்வுகளைத் திரட்டி, இந்தக் கிருமி ரத்த அழுத்தம், கொழுப்பு முதலிய இதயக் காரணிகளைக் கூட்டுகிறதா என்று பார்த்தார்கள். சொல்லும்படியாக எதுவும் தேறவில்லை. ஆய்வு சிறிதாக இருந்தபோது தொடர்பு பெரிதாகத் தெரிந்தது. ஆய்வு பெருக்கப் பெருக்கத் தொடர்பு சுருங்கியது.

அடுத்து, மார்ஷலின் கேள்வி. எடுத்தால் போகிறதா? எதிர்த்தரப்பின் கையில் இங்கே ஒரு நல்ல சீட்டு உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2002இல் வெளியான ஸ்டமினா சோதனை. தெற்கு லண்டன் வட்டாரத்தில் மாரடைப்போ அதன் விளிம்போ வந்து சேர்ந்த 325 பேருக்கு ஒரு வாரம் நுண்ணுயிர்க்கொல்லியோ வெற்று மாத்திரையோ கொடுத்தார்கள். மருந்து தின்ற கூட்டத்தில் இறப்பும் மறு அட்டாக்கும் 36 விழுக்காடு குறைந்தன. கிருமிக் கட்சிக்காரர்கள் இந்த எண்ணை மேற்கோள் காட்டும்போது அடுத்த வரியை விட்டுவிடுவார்கள்: கிருமி இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் பலன் ஒரே மாதிரிதான். பைலோரியே இல்லாதவருக்குப் பைலோரியைக் கொன்று பலன் கிடைத்தது என்றால் என்ன பொருள்? ஒன்று அது தற்செயல். அல்லது அந்த மருந்துக்கு வேறு ஏதோ குணம் இருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் கிருமிக்கு எதிரான குற்றப்பத்திரிகை அதில் இல்லை.

நுண்ணுயிர்க்கொல்லியால் இதயத்தைக் காக்க முடியுமா என்பது பைலோரியோடு நின்ற ஆசையும் இல்லை. கிளமிடியா நிமோனியே என்ற நுரையீரல் கிருமியைக் குற்றவாளியாக நிறுத்தி, அதற்கு இன்னும் பெரிய சோதனைகள் நடந்தன. 2003இல் விசார்ட்: 7,747 பேர், அசித்ரோமைசின். 2005இல் ஏசஸ்: 4,012 பேர், ஓராண்டு முழுக்க வாரம் ஒரு முறை. அதே ஆண்டு இன்னொன்றில் 4,162 பேர், காட்டிஃபிளாக்சசின். மூன்றிலும் பலன் பூஜ்யம். டென்மார்க்கின் கிளாரிகார் சோதனைதான் எல்லாரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. நிலையான இதய நோயுள்ள 4,300க்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு வாரம் கிளாரித்ரோமைசின் அல்லது வெற்று மாத்திரை. காப்பாற்றும் என்று நம்பிக் கொடுத்த மருந்து தின்றவர்களிடம் இதயச் சாவு கூடியிருந்தது. நீண்டகாலத் தொடர் கணக்கும் அதே திசையில் போகவே, 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோயாளிகளுக்குக் கிளாரித்ரோமைசின் எழுதும்போது எச்சரிக்கை தேவை என்று அறிவித்தது.

இந்தக் கிளாரித்ரோமைசின் யார்? பைலோரிக்கு வழக்கமாக எழுதப்படும் மூன்று மருந்துக் கூட்டில் முதன்மையானவர். 'எதற்கும் ஒரு கோர்ஸ் போட்டுவிடலாமே, என்ன கெட்டுப்போகும்' என்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். இதய நோயாளி ஏற்கெனவே கொழுப்பைக் குறைக்க அடோர்வாஸ்டாடினோ சிம்வாஸ்டாடினோ தின்றுகொண்டிருப்பார். கிளாரித்ரோமைசின் கல்லீரலில் அவை சிதைவதைத் தடுத்து, ரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். தசை சிதையும் அளவுக்குப் போவதுண்டு. பைலோரிக்கு எழுதப்படும் இன்னொரு மருந்தான மெட்ரோனிடசோலுக்கோ இந்தியக் கிருமிகளில் பெரும்பகுதி மசிவதே இல்லை. பதினான்கு நாள் வாயெல்லாம் உலோகக் கசப்பும் வயிற்றுப்போக்குமாகக் கழித்து, கிருமியும் போகாமல், இதயத்துக்கும் பலனில்லாமல் போனால் யார் பொறுப்பு?

எல்லாப் பைலோரியும் ஒன்றல்ல, சிஏஜிஏ என்ற புரதம் கொண்ட வீரியமான வகைதான் தமனிக்கு எதிரி என்று ஒரு திருத்தம் சொல்வார்கள். அந்தப் புரதத்துக்கான எதிர்ப்பொருள் ரத்தக் குழாய்ச் சுவரிலும் ஒட்டுகிறது என்று இத்தாலியக் குழு ஒன்று 2002இல் காட்டியதும் உண்மை. கண்ணாடிக் குழாயில் ஒட்டுவது ஒரு துப்பு, அவ்வளவே. தமனிக் கொழுப்புப் படிவில் கிருமியின் மரபணுத் துண்டைக் கண்டதாகச் சில ஆய்வகங்கள் சொன்னன. வேறு சில தேடியும் காணவில்லை. இன்னொரு வழியாக, கிருமி இரைப்பையைக் கெடுத்து பி12 உறிஞ்சலைக் குறைக்கிறது, அதனால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ஏறுகிறது, அது தமனியைக் கெடுக்கிறது என்பார்கள். கேட்க எவ்வளவு கச்சிதம்! 2006இல் வெளியான ஹோப்-2, நார்விட் என்ற இரண்டு பெரிய சோதனைகளில் வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனை இறக்கிக் காட்டினார்கள். ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. கச்சிதமான விளக்கம் வேறு, நோயாளி பிழைப்பது வேறு.

அழற்சிக் கோட்பாட்டையே நான் தூக்கி எறியவில்லை. 2017இல் வந்த கேன்டோஸ் சோதனை, பத்தாயிரம் பேரில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஒரு மருந்தால் இதய நிகழ்வுகள் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவதைக் காட்டியது. தமனி நோயில் அழற்சிக்குப் பங்குண்டு, சந்தேகமில்லை. அந்த அழற்சியை இரைப்பைக் கிருமிதான் மூட்டுகிறது என்பதற்குத்தான் சான்று இல்லை. கேன்டோஸில் மருந்து பெற்றவர்களிடம் உயிர்பறிக்கும் தொற்று சற்றுக் கூடியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிருமிக் கட்சிக்காரர்கள், கிருமி உறுதியாக இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கிருமியை ஒழித்து, ஐந்து பத்து ஆண்டு மாரடைப்பை எண்ணி, வித்தியாசத்தைக் காட்டட்டும். நான் கட்சி மாறத் தயார்.

'பாதி இதய நோயாளிகளுக்கு வழக்கமான காரணம் எதுவும் இருப்பதில்லையே, அந்த இடைவெளியை எது நிரப்பும்' என்ற கேள்விதான் இந்தக் கிருமிக் கதைக்கு வாசல் திறந்துவிட்டது. அந்த இடைவெளியே பொய். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனி, உடற்பயிற்சி, மது என்று ஒன்பது காரணிகளைச் சேர்த்தால் முதல் மாரடைப்பு ஆபத்தில் ஆண்களிடம் 90 விழுக்காட்டுக்கும் பெண்களிடம் 94 விழுக்காட்டுக்கும் விளக்கம் கிடைத்துவிடுகிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்றவர்களுக்கு 58.8இல், இந்த முந்துதலுக்கும் அதே காரணிகள் நம்மிடம் முன்கூட்டியே சேர்வதுதான் பெரும் காரணம் என்று 2007இல் அதே குழு காட்டியது. மர்மம் இல்லாத இடத்தில் மர்மக் கிருமியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரில் இந்தத் தேடலுக்குத் தனியாக ஒரு விலை இருக்கிறது. இரவு ஒன்றரை மணி. ஐம்பது வயதுக்காரர் மேல்வயிற்றைப் பிடித்தபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். குமட்டல், சட்டை நனையும் வியர்வை. "கேஸாத்தாங்க இருக்கும், ராத்திரி கொத்து பரோட்டா வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்று மனைவி ஓம வாட்டர் எடுத்து வருகிறார். அது போதாமல் ஜெலுசில் ஒரு மூடி. ஏப்பம் ஒன்று வருகிறது. வந்ததும் எல்லாருக்கும் நிம்மதி. இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு விழுந்தால் வலி மேல்வயிற்றில்தான் தெரியும், குமட்டலோடு. விடியும்வரை காத்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய தசை அழிந்துபோகும். வயிறும் நெஞ்சும் ஒன்றுக்குள் ஒன்று என்ற நம்பிக்கை நம்மிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது. கிருமிக் கதை அதற்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிடுகிறது. 108ஐக் கூப்பிட்டு ஒரு ஈசிஜி எடுக்க வேண்டிய நேரத்தில் வயிற்றைப் பற்றிய எந்தப் பேச்சும் விஷம்.

இத்தனைக்கும் பிறகு பைலோரி நல்ல பிள்ளை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அதை முதல் வகைப் புற்றுக் காரணியாகப் பட்டியலிட்டுவிட்டது. எண்டோஸ்கோபியில் இரைப்பையிலிருந்து கிள்ளிய அரிசி முனை அளவுத் துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் கூழில் போட்டால், கிருமி இருந்தால் அது அம்மோனியாவைக் கக்கி, கூழ் ஓரத்திலிருந்து மெல்ல இளஞ்சிவப்பாகும். சில நேரம் நோயாளி எழுந்து உட்காருவதற்குள் நிறம் மாறிவிடும். புண் உள்ளவரிடம் அந்த நிறம் தெரிந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். விளம்பரப் பரிசோதனைகளில் பார்க்கும் ரத்த எதிர்ப்பொருள் சோதனைக்கு அந்த மதிப்பில்லை. கிருமி செத்த பிறகும் எதிர்ப்பொருள் நெடுநாள் நிற்கும். நம் நாட்டில் பாதிக்கும் மேலானவர்களுக்கு 'பாசிட்டிவ்' வரும். அந்தப் பாதியை மருந்துக்கடைக்கு அனுப்புவதுதான் அதனால் நடக்கும்.

இதய நோயாளிக்கும் இந்தக் கிருமிக்கும் நிஜமான ஒரு சந்திப்பு இருக்கிறது. அது தமனியில் நடப்பதில்லை, இரைப்பையிலேயே நடக்கிறது. அடைப்புக்கு மருந்தாக ஆயுள் முழுக்க ஆஸ்பிரின் தின்கிறார்; ஆஸ்பிரின் இரைப்பைச் சுவரை மெலிக்கிறது; கிருமியும் அங்கேயே இருந்தால் புண் விழுந்து ரத்தம் கசியும். பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஹீட் சோதனையில், ஆஸ்பிரின் தின்னும், கிருமி உள்ள 60 வயதைக் கடந்த 5,352 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் இரண்டரை ஆண்டில், கிருமி ஒழிப்பு மருந்து பெற்றவர்களில் 6 பேர் புண் கசிவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். வெற்று மாத்திரைக் கூட்டத்தில் 17 பேர். அதற்குப் பிறகு வித்தியாசம் மறைந்துபோனது. மாரடைப்பு வந்த எல்லாரையும் சலித்துச் சோதித்த ஸ்வீடன் ஆய்வு 2025இல் வந்தபோதும் கசிவில் கண்ட குறைவு தற்செயலின் எல்லைக்குள்தான் நின்றது. ஆகவே எல்லாருக்கும் சோதனை என்று இங்கேயும் கிளம்ப வேண்டியதில்லை. முன்பு குடல்புண் வந்தவர், கறுப்பாக மலம் போனவர், இவர்களுக்கு ஆஸ்பிரின் எழுதுமுன் மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து, கிருமி இருந்தால் ஒழித்து, மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து ஒழிந்ததை உறுதி செய்துகொள்ள வேண்டும். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டுகளில் ஆஸ்பிரினும் அதற்குத் துணையாகப் பான்டாப்ரசோலும் தவறாமல் இருக்கின்றன. முன்பு புண் வந்திருக்கிறதா என்று கேட்டதற்கான ஒரு வரியைத்தான் பெரும்பாலும் காணோம்.